முதல் ஜோடிச் செருப்பு

“யோவ், உள்ள எட்டிப் பாத்துட்டுத்தான் வாயேன். கொழந்த ஒடம்பு கொதிக்குது!”

வேப்பமரத்து நிழலில், காய்ச்சலில் துவண்ட காவ்யாவை மடியில் போட்டுக்கொண்டு கத்தினாள் சுவேதா.

“நான் நவுந்தேன்னு வெச்சுக்கோ, லைன் பூடும்,” என்றான் அவள் கணவன் டில்லிபாபு.

ஆவடிப் பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் காய்ச்சல். வெள்ளானூரிலிருந்து பைக்கில் பறந்து வந்தவன், ஆஸ்பத்திரி வளாகத்தில் பச்சைத் துணி கட்டி மறைத்திருந்த ஒரு வாசலைப் பார்த்தான். வெளியே ஒரே ஒரு ஜோடி செருப்பு. தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்தே வளர்ந்தவனுக்கு வேறென்ன வேண்டும்? அதன் பின்னாலேயே தன் செருப்பைக் கழற்றி வைத்து இரண்டாவது இடத்தைப் பிடித்துவிட்டான்.

பிறகு வந்தவர்களும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஒரு மணி நேரத்தில் செருப்பு வரிசை ஆம்புலன்ஸ் நிற்கும் இடம்வரை நீண்டுவிட்டது. டில்லிபாபுவும் யாரும் கொடுக்காத அதிகாரத்தைத் தானே எடுத்துக்கொண்டான். கொஞ்சம் முன்னால் நகர்ந்திருந்த ஒரு ரப்பர் செருப்பைக் காலாலேயே பின்னுக்குத் தள்ளினான்.

“சார், இது ஃபீவர் லைன்தானே?” அப்போதுதான் வந்த தங்கராஜ் கேட்டார். மனைவி மங்களத்தைக் கைத்தாங்கலாகப் பிடித்திருந்தார்.

“பின்ன இன்னா, பிரியாணி லைனா? கடைசில செருப்ப வுட்டுட்டு ஓரமா குந்து சார்.”

“இவளுக்கு நடுக்கம் நிக்கவே இல்ல. ரொம்ப முடியாதவங்களை முன்னாடி விடலாமே?”

“இங்க சீக்குக்கு மருவாதி இல்ல சார். செருப்புக்குத்தான்.”

தங்கராஜ் மங்களத்தை மெல்ல நடத்திக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனார்.

“ஒரு மணி நேரமா ஒரே ஆளையா பாப்பாரு டாக்டரு?” சுவேதாவுக்குப் பொறுக்கவில்லை.

“பெரிய வியாதியா இருக்கும். நீ கம்முனு கெட.”

துணிக்கு உள்ளேயிருந்து மணிச் சத்தம் கேட்டது. வரிசை மொத்தமும் எழுந்து நின்றது.

“பாத்தியா? அடுத்த ஆளக் கூப்புட பெல் அடிக்கிறாங்கோ. கொழந்தயத் தூக்கு!”

காவ்யா கண்ணைத் திறக்காமல் முனகினாள். டில்லிபாபுவுக்கு அதுவரை இருந்த மிடுக்கெல்லாம் போய்விட்டது. கடவுளே, அந்த முதல் ஆளைச் சீக்கிரம் வெளியே அனுப்பு என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டான்.

துணி விலகியது. நெற்றி நிறைய விபூதியும், ஒரு கையில் தேங்காய் மூடியும், காதில் போனுமாக வெளியே வந்தார் ஒரு நர்ஸ்.

“நூத்தியெட்டு சுத்து சுத்தினது வீண்போகல டாக்டர்!” முதல் ஜோடிச் செருப்பில் காலை நுழைத்தபடி பூரித்துப் போனார். “இன்னிக்காவது கூட்டத்தைக் குறைப்பா பிள்ளையாரப்பானு வேண்டினேன்... பின்வாசல்ல புதுசா திறந்த நம்ம காய்ச்சல் பிரிவுக்கு இதுவரைக்கும் ஒருத்தர்கூட வரலையா?”