அந்த ஒரு ஓட்டு

கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுத்தான் வட்டச் செயலாளர் பேச்சை ஆரம்பித்தார். வழக்கமாகக் கூடவே வரும் கட்சிக்காரர்கள் ஒருவரையும் இன்று அழைத்து வரவில்லை.

"சுத்தி வளைக்காம கேக்கிறேன் சார். அந்த ஒரு ஓட்டு உங்களுதா?"

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"இத்தனை வருஷப் பழக்கத்துல என்னைப் பத்தி இவ்வளவுதானா தம்பி புரிஞ்சுக்கிட்டீங்க?"

அவருடைய மகனுக்கு அரசாங்கக் கிடங்கில் வேலை வாங்கிக் கொடுத்தவரே செயலாளர்தான். அதனாலேயே சந்தேகம் முதலில் இந்த வீட்டுப் பக்கம் திரும்பியது. வேலை வாங்கிக்கொண்டவர் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று யார் கண்டது? இப்போது அந்தக் கிடங்கில் காவலுக்கு மகன் இருக்கிறான், உள்ளே காவல் காக்க மூட்டைதான் இல்லை.

அந்தத் தெருவில் பாதிப்பேர் பிறப்பதற்கு முன்பிருந்தே கட்சிதான் ஆள்கிறது. வேறொரு கொடியின் நிறம் என்னவென்று கேட்டால் பெரியவர்களே யோசிப்பார்கள். தலைவர் படம் மாட்டாத கடைக்கு உரிமம் புதுப்பிக்க மாட்டார்கள். பஞ்சாலை மூடிக் கிடந்தது, பஸ்கள் டீசல் இல்லாமல் நின்றுபோயிருந்தன. இருந்தும் நேற்று முன்தினம் வந்த முடிவில் ஆட்சி எப்போதும்போல அதே கட்சிக்குத்தான்.

இந்த வட்டத்துப் பெட்டியில் கிடந்த ஒரே ஒரு ஓட்டுதான் செயலாளரை உறங்கவிடாமல் செய்தது. மாவட்டச் செயலாளர் போனில் போட்ட சத்தம் இன்னும் காதுக்குள் இருந்தது. வெள்ளிக்கிழமை அவர் நேரிலேயே வருகிறார்.

அதற்குள் ஆளைக் கண்டுபிடித்து வாயை அடைத்துவிட வேண்டும். அந்த ஆள் பாட்டுக்கு மாவட்டத்தின் முன்னால் போய் நின்று, நான்தான் போட்டேன் என்று மார்தட்டிவிட்டால், செயலாளர் கதை கந்தல்.

அடுத்து லேத் பட்டறைக்குப் போனார். அங்கே மின்சாரம் வருகிற நேரத்தில் இரும்பு இருப்பதில்லை, இரும்பு கிடைத்தால் மின்சாரம் இருப்பதில்லை. ஆட்கள் கலைந்துபோய் மாதக்கணக்கில் ஆகிறது. கடைசியாக அங்கே உருவானவை கட்சிக்கான கொடிக்கம்பங்கள்தான்.

செயலாளர் கேட்டதும் பட்டறைக்காரர் முகம் சுண்டிப்போயிற்று. எண்ணெய் காய்ந்துபோன இயந்திரத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"இந்தப் பட்டறையைப் பார்த்துட்டுமா அண்ணே என்னைச் சந்தேகப்படுறீங்க? என் பிள்ளைங்க மேல சத்தியமா நான் இல்லை."

செயலாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். யாரென்று காதில் விழுந்தால் தன்னிடம் மட்டும் வந்து சொல்லும்படியும், அந்த ஆளுக்கு ஒரு கெடுதலும் வராது என்றும் சொன்னார். பட்டறைக்காரர் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அப்புறம் லேசாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு செயலாளருக்குப் பிடிக்கவில்லை. குழாயடியில் நின்ற பெண்களும் அவரைக் கண்டதும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். கடந்து போனபின் முதுகுக்குப் பின்னால் மறுபடி குசுகுசுத்தார்கள். தெருவுக்கே தெரிந்த ஏதோ ஒன்று தனக்கு மட்டும் தெரியவில்லையோ என்று தோன்றியது.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் அது பொறி தட்டியது. கல்யாணமான நாளிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாகப் போய்த்தான் ஓட்டுப் போடுவார்கள். இந்த முறை அவள் தலைவலி என்று சொல்லிப் பின்தங்கிவிட்டு, பிற்பகலில் தனியாகப் போய் வந்தாள். அவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மனைவி சமையலறை வாசற்படியில் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றுவிட்டு வெறும் டின்னோடு திரும்பியிருந்தாள். செயலாளர் பெண்டாட்டி என்பதற்காக யாரும் முன்னால் விடவில்லை, அவளும் கேட்கவில்லை. கணுக்கால்கள் வீங்கியிருந்தன.

செயலாளர் தானே ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

"உண்மையைச் சொல்லு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அந்த ஒரு ஓட்டைப் போட்டது நீதானா?"

அவள் சொம்பைக் கீழே வைத்தாள்.

"நான் இல்லைங்க."

பொய் சொன்னால் அவள் கண் சிமிட்டுவாள். இப்போது சிமிட்டவில்லை. செயலாளர் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார். வேறு யாராகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். ஓட்டு மை அழியாத விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

மனைவி அந்த விரலைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இந்த வட்டத்துல நம்ம கட்சிக்குன்னு விழுந்ததே அந்த ஒரு ஓட்டுதான். அப்ப, அது உங்களுதும் இல்லையா?"