ஹுஸ்ரெவ் ஆகாவின் உத்தரவு

"சாவியை உங்ககிட்ட வாங்கிக்க மாட்டேன், பீரங்கிக்காரரே. ஹுஸ்ரெவ் ஆகா கையாலதான் வாங்குவேன்."

கேப்டன் யுராய் குதிரையிலிருந்து இறங்கிக் கோட்டை வாசலிலேயே நின்றுகொண்டான். ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் படைக்காரன்தான். ஆனால் ஆற்றுக்கு அக்கரையில் பிறந்தவன் என்பதால், எதிரே நின்ற கிழட்டுப் பீரங்கிக்காரர் ஸுல்ஃபோவின் பாஷைதான் அவனுக்கும்.

கோட்டைத் தளபதியான ஆகாவுக்கு ஒட்டுவாரொட்டிக் காய்ச்சல், நாலு மாதமாக யாரையும் பார்ப்பதில்லை என்று ஸுல்ஃபோ சொல்லிப் பார்த்தார். கேப்டன் அசையவில்லை.

"நாலு மாசம் எங்களைச் சேத்துல நிக்க வெச்ச மனுஷன். முகத்தை ஒரு தரம் பார்த்துடறேன். அப்புறம் உங்க கொடி, முரசு, துப்பாக்கியோட நீங்க கிளம்பலாம்."

ஸுல்ஃபோவுக்குச் சுருக்கென்றது. நூற்றைம்பது வருஷமாக அவர் வம்சம் இந்த மதில்மேல் சுல்தானின் பீரங்கிகளைச் சுட்டுவந்தது. இப்போது எங்கேயோ கூடாரத்தில் உட்கார்ந்து தூதர்கள் போட்ட ஒரு கையெழுத்தில் ஆற்றின் இந்தக் கரையே கைமாறிவிட்டது.

"இது நீங்க பிடிச்ச கோட்டை இல்ல. காகிதம் கொடுத்த கோட்டை."

"தெரியும். அதனாலதான் அவரைப் பார்க்கணும்கறேன்."

அந்தப் பதில் ஸுல்ஃபோவை இளக்கிவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தன் தளபதியின் பெருமையைச் சொல்ல ஆரம்பித்தார்.

முற்றுகையின் மூன்றாம் நாளே குண்டுச் சிதறல் ஆகாவின் தொடையைக் கிழித்தது. மாடிக்குத் தூக்கிப் போனார்கள். காய்ச்சல் கண்டதும் மனைவி ஷெம்சா ஹானிம் கதவைச் சாத்திவிட்டாள். அன்றிலிருந்து தினமும் காலையில் படியருகே நின்று ஆகாவின் உத்தரவுகளை அவள்தான் சொல்வாள்.

வடக்கு மதில் சரிந்தபோது, கம்பளிப் பொதிகளை நனைத்து அடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. எதிரியின் குண்டுகள் பொத்துப் பொத்தென்று அதில் அமுங்கிப்போயின. மதிலுக்கடியில் சுரங்கம் தோண்டுகிறார்கள் என்று சந்தேகம் வந்தபோது, தரையில் முரசை வைத்து அதன்மேல் பட்டாணியைப் போடச் சொன்னார். பட்டாணி துள்ளிய இடத்தில் எதிர்ச்சுரங்கம் வெட்டினார்கள். மாவு தீர்ந்து, கோட்டைக் கதவை எதிரிக்குத் திறந்துவிடலாமென்று வீரர்கள் முணுமுணுத்தபோது, குதிரைகளை அறுக்க உத்தரவு வந்தது. முதலில் ஆகாவின் குதிரையை.

"அதுக்கப்புறம் ஒருத்தன் வாயைத் திறக்கலை," என்றார் ஸுல்ஃபோ. "படுக்கையில கிடந்துக்கிட்டே உங்களை ஆட்டி வெச்சார் எங்க ஆகா."

கேப்டன் சிரிக்கவில்லை. "அந்தப் பட்டாணியால முப்பது பேரை இழந்தேன். அவரைக் கூப்பிடுங்க. நானே வாளை உருவி வணக்கம் வைக்கறேன்."

ஸுல்ஃபோ திரும்புவதற்குள் ஷெம்சா ஹானிம் படியிறங்கி வந்துவிட்டாள். கறுப்பு மேலங்கி, கையில் சாவிக்கொத்து. கொடி ஏந்திய வீரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

கேப்டன் தொப்பியைக் கழற்றினான். "அம்மா, ஆகா இறங்கி வரலையா?"

"வர முடியாது. தோட்டத்துல பிளம் மரத்தடியில இருக்கார்."

"அவரால நடக்க முடியுதா?" ஸுல்ஃபோவின் முகம் மலர்ந்தது.

அவள் முதன்முறையாக அந்தக் கிழவரை நேராகப் பார்த்தாள்.

"அடிபட்ட அஞ்சாம் நாள் ராத்திரியே யாருக்கும் தெரியாம அங்க புதைச்சுட்டேன், ஸுல்ஃபோ. சாகறப்போ அவர் போட்ட உத்தரவு ஒண்ணே ஒண்ணு, கோட்டையை ஒப்படைச்சுடச் சொல்லி. அதை மட்டும்தான் நான் உங்ககிட்ட சொல்லலை."