கதவுக்கு இந்தப் பக்கம்

"இந்தப் பழைய ஜப்பான் ஆட்டத்தையெல்லாம் இப்பவும் யாராவது ஆடுவாங்களா தம்பி?"

அவள் துணிப்பையிலிருந்து ஒரு சாம்பல் நிறப் பெட்டியையும், ஒரு குறுந்தட்டையும், தீப்பெட்டி அளவு மெமரி கார்டையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். பழைய வீடியோ கேம்களை வாங்கி, பழுது பார்த்து விற்கும் கடை அது. தட்டைப் பார்த்ததும் கடைக்காரர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டார்.

"ஆடுவாங்களாவா! அக்கா, இது லேசுப்பட்ட ஆட்டம் இல்ல. யாரோடது?"

"என் வீட்டுக்காரரோடது. போன மாசம் தவறிட்டார்."

கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் உட்கார்ந்தாள்.

"நரம்பு வியாதி. பேச்சும் போயிடுச்சு. கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தா 'சரி', ரெண்டு தடவைன்னா 'வேண்டாம்'. வலது கட்டைவிரல் மட்டும் அசையும். அதை வச்சுக்கிட்டு எட்டு மாசம் இதைத்தான் ஆடினார். 'சாகப்போற நேரத்துல பொம்மை விளையாட்டு கேக்குது'ன்னு என் நாத்தனார் இன்னிக்கும் சொல்லிக்காட்டுறா. இதை விக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரியணும் தம்பி. இதுல அப்படி என்னதான் இருக்கு? அவர் சந்தோஷமாத்தான் இருந்தாரா?"

இப்படி யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போலக் கடைக்காரர் பெட்டியை டிவியில் மாட்டினார்.

"இப்ப வர்ற ஆட்டத்துல கண்ணு இமைக்குறதுக்குள்ள நம்மளைச் சுட்டுத் தள்ளிடுவான். இதுல அப்படி இல்ல. ஒருத்தர் அடிச்சு முடிச்சாத்தான் அடுத்தவர் முறை. நீங்க பட்டனை அழுத்துற வரைக்கும் எதிரி கையைக் கட்டிக்கிட்டு நிப்பான். குளிச்சுச் சாப்பிட்டுட்டு வாங்க, அப்பவும் அங்கேயேதான் நிப்பான்."

"என் நாத்தனாரைவிட நல்லவனா இருக்கானே."

கடைக்காரர் சிரித்துவிட்டார். "ஒரு விரல் இருந்தாப் போதும்க்கா. கைவேகமே வேண்டாம். சின்னச் சின்னச் சண்டையாப் போடப் போட நம்ம ஆளோட பலம் ஒவ்வொரு படியா ஏறும். தொண்ணூத்தொன்பதாவது படிதான் உச்சம். பொறுமை இருக்கிற யாரும் ஜெயிக்கலாம்."

"பொறுமைக்கு என்ன குறைச்சல்? ஆனாலும் அவரால முடியலையே. கடைசியில ஒரு இரும்புக் கதவு வருமே, அங்கேயே அஞ்சு மாசம் மாட்டிக்கிட்டுத் தவிச்சார். ஒரு பக்கம் மூச்சு மெஷின் சத்தம், ஒரு பக்கம் இந்த ஆட்டத்துப் பாட்டு. கதவு வரைக்கும் போவார், திரும்பி வந்துடுவார். பார்க்கவே பாவமா இருக்கும்."

"இருங்க, பார்த்துடலாம்." கடைக்காரர் மெமரி கார்டைச் செருகினார். திரையில் பதினைந்து கட்டங்கள் விரிந்தன. "ஆட்டத்தை எந்த இடத்துல நிறுத்தினார், அதுவரைக்கும் எத்தனை மணி நேரம் ஆடினார்னு ஒவ்வொரு கட்டமும் சொல்லும்."

பதினைந்திலும் ஒரே இடம்: கடைசிக் கதவு. முதல் கட்டத்தில் தொண்ணூற்று நான்கு மணி நேரம். கடைசிக் கட்டத்தில் நானூற்று இரண்டு.

கடைக்காரர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். மூன்றாவதிலேயே அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா, இவர் எங்க தவிச்சார்? இங்கேயே தொண்ணூத்தொன்பதாவது படிக்கு வந்துட்டார்! வாள், கவசம், மருந்து எதுக்கும் குறைவில்ல. உள்ளே இருக்கிற அரக்கனை நாலே அடியில சாய்ச்சிருக்கலாம். மனுஷன் உள்ளேயே போகல. மிச்ச நேரமெல்லாம் என்ன செஞ்சிருக்கார் பாருங்க. குளத்துல மீன் பிடிச்சிருக்கார்! ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினாறு மீன்!"

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "முள்ளு எடுக்கச் சோம்பல்பட்டு மீனே வேண்டாம்பார்."

"இந்த ஆட்டங்களோட சூட்சுமமே அதுதான்க்கா. கதையில உலகம் அழியப்போகுதுன்னு எல்லாரும் அலறுவாங்க. ஆனா நாம அந்தக் கதவைத் திறக்குற வரைக்கும் ஒண்ணும் அழியாது. கதவுக்கு இந்தப் பக்கம் எத்தனை காலம் வேணும்னாலும் இருந்துக்கலாம். அவர் அதைப் பிடிச்சுக்கிட்டார். சந்தோஷமா இருந்தாரான்னு கேட்டீங்களே, அங்கேயிருந்து கிளம்ப மனசே இல்லாம இருந்திருக்கார்!"

அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

"நாலே அடியா?"

"நாலே அடி. ஏன்க்கா?"

"விரல் ஓய்ஞ்சுக்கிட்டே வந்துச்சு. ஆசைப்பட்டு ஆடினதை முடிக்காமலே போயிடுவாரோன்னு பயம். அதான் ஒருநாள் காலையில, அவர் பார்த்துக்கிட்டு இருக்கும்போதே, நானே உள்ளே போய் பட்டனை அழுத்தினேன். நாலு தடவை. அரக்கன் விழுந்ததும் அவர் கண்ணுல தண்ணி வழிஞ்சுது. ஜெயிச்ச சந்தோஷம்னு நினைச்சேன்."

"நல்லதைத்தானேக்கா செஞ்சீங்க?"

டிவியில் அந்த வீரன் மூடிய கதவின் முன்னால் நின்றபடி, யாராவது பட்டனை அழுத்தக் காத்திருந்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ஆட்டம் முடியுற அன்னிக்கு மூச்சு மெஷினை எடுத்துடணும்னு, கை ஓடினப்பவே எழுதிக் கொடுத்திருந்தார் தம்பி. கதவைத் தாண்ட முடியாமத்தான் அந்த விடுதலை தள்ளிப்போகுதுன்னு நினைச்சேன். அன்னிக்குச் சாயந்திரம் டாக்டர் வந்து 'எடுத்துடலாமா'ன்னு கேட்டப்போ, அவர் என்னைப் பார்த்துட்டு ஒரே ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார்."