பேர் வரும் இடம்

கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் படுத்திருந்தார். நெஞ்சின்மேல் அவருடைய புத்தகம்.

அவருடையது என்று அட்டை சொன்னது. உள்ளே இருக்கும் ஒப்பாரி அத்தனையும் அவள் தொண்டையிலிருந்து போனது.

தெருமுனை வரைக்கும் சுவரொட்டி. பட்டங்களோடு அவர் பேர், முழம் முழமாய்.

அவள் தலைமுடியை அவிழ்த்துவிட்டுப் பெட்டியோரம் உட்கார்ந்தாள்.

அவருடைய மகள் காதோடு குனிந்தாள். "புத்தகத்துல மொதல்ல வருமே, அதையே பாடுங்கம்மா. அப்பாவுக்கு அதுன்னா உயிரு."

அது முத்திருளுக்காக அவள் அழுதது. பெற்ற மகன். கண்மாய்க்குக் குளிக்கப் போனவனைச் சேறோடு தூக்கி வந்தார்கள்.

கருமாதிகூட முடியவில்லை. பாட்டைப் பதிய டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு இந்த மனுஷர் வந்து உட்கார்ந்தார். நடுவில் லாரி சத்தம் வந்துவிட்டது, இன்னொரு தடவை அழும்மா என்றார்.

அழுதாள்.

புத்தகம் வந்தபோது பக்கத்து வீட்டுக்காரி வாசித்துக் காட்டினாள். பேர் வரும் இடத்தில் நிறுத்திவிட்டாள். "இங்க புள்ளி புள்ளியா வச்சிருக்கு மதினி."

பஸ் பிடித்துப் போய்க் கேட்டாள். எம்மகன் பேரு எங்கய்யா?

அவர் சிரித்தார். "பேரை எடுத்தாத்தாம்மா பாட்டு எல்லாருக்கும் பொருந்தும்."

படித்தவன் பேச்சு. எந்தப் பக்கம் சாய்த்தாலும் அவன் பக்கமே வந்து விழும்.

பேர் சொல்லி அழாத அழுகை செத்தவனுக்குப் போய்ச் சேராது. அவள் ஊரில் கைப்பிள்ளைக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். முன்னுரையில் அவரே எழுதியிருக்கிறார்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தாள்.

"ஈரத்தல தொவட்டாம எந்தத் தெச போனவனே..."

கூட்டம் அடங்கியது. நாற்காலிக்காரர்கள் எழுந்து கிட்டே வந்தார்கள். மகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

ஒப்புக்குப் பாடவில்லை. அப்படி ஒரு குரல் அவளுக்கே இத்தனை வருஷத்தில் வந்ததில்லை.

பேர் வரும் இடம் வந்தது.

வாயை மூடிக்கொண்டாள்.

மகள் நிமிர்ந்தாள். பாவம், மறந்துவிட்டாள் என்று நினைத்து, அப்பா பேரை மெதுவாக எடுத்துக் கொடுத்தாள்.

அவள் நன்றாகக் கேட்டுக்கொண்டாள். தலையை ஆட்டினாள்.

அடுத்த அடியை எடுத்தாள். முன்னதைவிட உருக்கமாக.

மறுபடியும் அந்த இடம் வந்தது.

பெட்டியின் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.