மூலிகைச் சக்கரவர்த்தியின் மொட்டை

"ஒரே வருஷம்!" திண்டுக்கல் கல்யாண மண்டப மேடையில் காதை மூடிய முடியைக் கோதியபடி முழங்கினார் மூலிகைச் சக்கரவர்த்தி கேசவேல். பின்னால் திரையில் அவருடைய மொட்டைத்தலைப் படம். "இப்படி இருந்த என்னை இப்படி ஆக்குனது, கரிசலாங்கண்ணியும் செம்பருத்தியும் கலந்த என் தைலம்!"

கூட்டத்தில் மனைவியோடு உட்கார்ந்திருந்த வழுக்கைத் தலை அன்புமணி சொக்கிப்போனான். "மகேசு, கம்மலைக் கழட்டு. ஆறு பாட்டில் வாங்கிருவோம்."

மகேஸ்வரி எழுந்தாள். "அண்ணே, படத்துல மண்டையில மஞ்சளா என்ன?"

"மூலிகைப் பூச்சும்மா. உனக்கெல்லாம் புரியாது."

"எனக்கா? சந்தனம்ணே அது! பழனி முடிக்கொட்டகையில உங்களுக்கு மொட்டை போட்டவளே நான்தான். அம்புட்டு முடி! ரெண்டு பிளேடு மாத்துனேன்."

மண்டபமே சிரித்தது. கம்மலும் காதிலேயே ஆடியது.