ஸ்வாலாவின் சதுரம்

நாற்பத்தொரு நாளாக ரக்னா அந்தப் போர்வைக்குள்தான் தூங்கினாள். இன்று அதிலிருந்து ஒரு சதுரத்தை மட்டும் பிரித்து எடுத்து மடியில் வைத்திருந்தாள்.

சோபாவில் கிடந்த போர்வையின் நடுவே பெரிய ஓட்டை.

“கத்தரிக்கோலே படலைடி. இணைச்ச தையலை மட்டும் ஒண்ணொண்ணா உருவினேன்” என்றாள். “முழுசையும் ரெய்க்யவிக் ஆஸ்பத்திரி வரைக்கும் தூக்கிட்டுப் போக முடியுமா? ஆபரேஷனுக்கு முன்னாடி கையில வச்சுக்க ஒண்ணு போதும். உன்னோடதை எடுத்துக்கிட்டேன்.”

ஸ்வாலா காப்பிக் கோப்பையை உதட்டிலிருந்து எடுக்கவில்லை. அது காலியாகி வெகு நேரம் ஆகியிருந்தது.

அவர்கள் பதினொரு பெண்கள். பள்ளி முடித்த வருடத்திலிருந்து ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன் யாராவது ஒருத்தியின் வீட்டில் கூடுவார்கள். தையல் கூட்டம் என்று பெயர். தைத்தவர் ஒருவருமில்லை, பின்னுவதும், கேக் தின்பதும், ஊர் வம்பு பேசுவதும்தான். ஒருத்திக்குக் குழந்தை பிறந்தாலும், புருஷன் விட்டுப் போனாலும், மற்றவர்கள் எதையாவது பின்னிக்கொண்டு போய் நிற்பார்கள்.

ரக்னாவின் மார்பில் கட்டி என்றதும் ஆளுக்கொரு சதுரம் என்று முடிவானது. தலையணை அளவு, நடுவில் கயிறுபோல ஒரு முறுக்கு. ஒன்பது பேர், ஒன்பது சதுரம், இணைத்தால் ஒரு போர்வை.

பத்தாமவளை யாரும் கூப்பிடவில்லை. கட்டி விஷயத்தை நீச்சல் குளத்து வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்துகொண்டு உளறியவள் அவள்தான். ரக்னா தன் மகளிடம் சொல்வதற்கு முன்பே, அந்தத் தொட்டியில் யாரோ மகளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டார்கள்.

“இனிமே அவ பேர் இந்த வீட்டுல வரக் கூடாது” என்றாள் ரக்னா. வரவில்லை.

ஸ்வாலா மூன்று முறை ஆரம்பித்து மூன்று முறை பிரித்தாள். மீன் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் கை நடுங்காமல் சொட்டுச் சொட்டாக அளக்கிறவள். கம்பளியை எடுத்தால் மட்டும் விரல் நகரவில்லை. இது ரக்னாவின் கட்டிக்காக என்ற நினைப்பு ஊசி முனையிலேயே வந்து நின்றுகொண்டது.

கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின மாலை, கடை வாசலில், கார்க் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். ஒரு மளிகைப் பை உள்ளே வந்தது. பைக்குள் சதுரம்.

“நீ இன்னும் முடிக்கலைன்னு கேள்விப்பட்டேன். உன்னோடதுன்னு சொல்லிடு. என் பேர் வேண்டாம்.”

அப்படியே சொன்னாள்.

அன்றிலிருந்து ரக்னா விடவில்லை. போனை எடுத்தால் அதே பேச்சு. “ராத்திரி கன்னத்துக்கு அடியில உன்னோடதுதான்டி.” “எப்படி இவ்வளவு நெருக்கமாப் பின்னின?” “பின்னும்போது யாரை நினைச்சுக்கிட்ட?”

சும்மா, நூல் நல்ல நூல் என்பாள் ஸ்வாலா. ஒவ்வொரு பொய்யும் முந்தினதைவிடச் சுலபமாக வந்தது. அதுதான் அவளைத் தின்றது.

“இங்க பாரு, ஓரத்துல ரெண்டு கண்ணி நழுவிடுச்சு” என்று ரக்னா சதுரத்தையும் கொக்கி ஊசியையும் நீட்டினாள். “நீயே சரி பண்ணிக் குடு. உன் கைதானே.”

ஸ்வாலா வாங்கிக்கொண்டாள். முதல் கண்ணிக்குள் கொக்கியை விட்டு நூலை இழுத்தாள். இறுகிப்போய்த் துருத்திக்கொண்டு நின்றது. பிரித்தாள். மறுபடி இழுத்தாள். மறுபடியும் துருத்தியது.

நாளைக் காலை விமானம். அதற்கு மறுநாள் கத்தி வைக்கப்போகிறார்கள். இன்றைக்கா இதைச் சொல்வது? சொன்னால் வெறுங்கையோடு போவாள். சொல்லாவிட்டால் ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டு போவாள்.

ரக்னா அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது நான் பின்னலைடி.”

ரக்னா திடுக்கிடவில்லை. தட்டிலிருந்த பணியாரத்தைப் பிட்டுப் பாதியை ஸ்வாலாவின் பக்கம் வைத்தாள்.

“தெரியும். மொத நாளே தெரியும். மத்த எட்டுலயும் முறுக்கு வலது பக்கம் திரும்புது. இது ஒண்ணு மட்டும் இடது பக்கம். நம்ம கூட்டத்துல இடது கைக்காரி எத்தனை பேரு?”

ஸ்வாலா சதுரத்தின் முறுக்கை விரலால் தடவினாள்.

“அப்புறம் ஏன்டி என்கிட்டயே கேட்டுக் கேட்டு…”

“அவ பேரைச் சொல்ல மாட்டேன்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னவ நான். அந்தச் சொல்லை வாபஸ் வாங்க என்னால முடியலை. நீ சொல்லுவ, நாளைக்குச் சொல்லுவன்னு இருந்தேன். இன்னிக்கும் சொல்லாமப் போயிடுவியோன்னுதான் போர்வையையே பிரிச்சேன்.”

ஒவ்வொரு கேள்வியிலும் ரக்னா கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறாள். ஸ்வாலா ஒவ்வொரு முறையும் வாசலிலேயே நன்றியை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறாள்.

“யாரு பின்னினது?” என்றாள் ரக்னா. “வாயைத் திறந்து சொல்லேன்டி.”

ஸ்வாலா கொக்கியைக் கீழே வைத்தாள்.

“தீசா” என்றாள்.