பத்தாவது வரி

மட்டாஞ்சேரியில் ஒரு கண் மருத்துவமனை. ஆட்கள் வாசிக்கும்போது கண் எங்கெங்கே நின்று நகர்கிறது என்று கேமராவில் பதிவு செய்வதுதான் ஷபானாவின் வேலை. அன்று காலை வந்தவர் ராமபத்ரன், பத்திரம் எழுதுபவர். வாசித்தால் தலை வலிக்கிறதாம்.

தாளில் ஒன்பது வரிகள். அவர் கண் நின்ற இடங்கள் திரையில் புள்ளிகளாக விழுந்தன. பத்து வரிசைகள் இருந்தன. கடைசி வரிசை ஒன்பதாம் வரிக்குக் கீழே, எழுத்தில்லாத வெற்றிடத்தில், மற்றவை போலவே இடமிருந்து வலமாக.

“சாரே, கீழே எழுத்தே இல்லையே. என்ன வாசிச்சீங்க?”

“இருக்கறதைத்தான் வாசிச்சேன். எனக்கென்ன பைத்தியமா?” என்று சீறினார்.

“ஒருதடவை சத்தமா வாசிங்க, போதும்.”

ஒன்பது வரிகளையும் படபடவென்று வாசித்தார். பிறகு நிறுத்தி, வெறுப்போடு அவளைப் பார்த்தார்.

“உன் பேர் என்ன?”

“ஷபானா.”

“அப்போ அந்தக் கடைசி வரியை என் வாயால சொல்லமாட்டேன்.”

தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

கருவிதான் பழுது என்று நிரூபிக்க, எரிச்சலோடு அவளே உட்கார்ந்து வாசித்தாள். ஒன்பது வரிகள்தான் வாசித்தாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. திரையில் பத்து வரிசைகள் விழுந்திருந்தன. கடைசி வரிசையில், ஒரு சொல் அகலமே உள்ள இடத்துக்கு அவள் கண் ஏழு முறை திரும்பிப் போயிருந்தது.